சாந்துப் பொட்டு வைத்த யூனிட்

போன தை மாதம் ஒரு நாள் காலையில் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். முன்பு கோவில்பட்டியில் இருந்த லவுட்ஸ்பீக்கர் கம்பெனியில் காயில் சுற்றியவர் நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதிர்ப்பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

"உங்க கையால சுத்தின யூனிட் என் வீட்டுல பதினொண்ணு இருக்கும்மா" என்றார்.

அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

அவரைப் போல முந்நூறு பேர் ஒரு வாட்ஸப் குழுவில் இருக்கிறார்களாம். எங்கள் கம்பெனி செய்த கூம்பு ஸ்பீக்கர்களையும், கூம்பின் பின்னால் மாட்டிச் சத்தம் தருகிற யூனிட்டுகளையும் தேடிப் பிடித்து வாங்கி, புளி போட்டுத் தேய்த்து, போட்டோ எடுத்துப் போடுவது அவர்கள் வேலை. ஊர் ஊராகப் போய் மைக் செட்டுக்காரர்களின் பரணில் ஏறுகிறார்கள். ஒருவர் தன் கல்யாண நாளுக்கு மனைவிக்கு ஒரு கூம்பு வாங்கிக் கொடுத்தாராம். அந்த அம்மாள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

கம்பெனியின் ஆரம்ப காலத்தைக் கொண்டாட கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்திருக்கிறார்கள், நீங்கள் வந்தே ஆகவேண்டும் என்றார். நான் அங்கே மூன்று வருஷம் வேலை பார்த்தவள். பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்து, சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். கம்பெனி மூடியும் வெகுகாலம் ஆகிவிட்டது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எவ்வளவு பொய் சொல்லப்போகிறார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

மணமகன் மணமகள் உட்காரும் மேடையில் வெள்ளைத் துணி விரித்து நாற்பது கூம்புகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நடுவில் முதலாளியின் படம், ஆளுயரத்துக்கு. சந்தன மாலை, குத்துவிளக்கு, ஊதுபத்தி. பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றைத் தட்டி எழுப்பி ஒரு கூம்பில் நாதஸ்வரம் போட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டீங்களா, இந்தக் கணீர் இப்ப எங்க வருது? இதுதான்யா ஊரு. இதுதான்யா வாழ்க்கை" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

எந்த ஊர் என்று விசாரித்தேன். பிறந்ததிலிருந்து பெங்களூராம்.

இந்தக் கணீரை இருபத்தெட்டு வருஷம் வகுப்பறையில் இருந்து கேட்டவள் நான். பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை ஏதாவது ஒரு ஊரில் கோயில் கொடை, ஏதாவது ஒரு வீட்டில் சடங்கு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிற வேப்ப மரத்தில் நாலு கூம்பைக் கட்டி, நாலையும் பள்ளிக்கூடத்துப் பக்கமே திருப்பிவைப்பார்கள். பரீட்சை நேரத்தில் நான் கேள்வியைத் தொண்டை கிழியச் சொல்வேன். பிள்ளைகள் என் வாயைப் பார்த்து எழுதும். 'பருத்தி' என்று சொன்னால் 'பரிசு' என்று எழுதும். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் சண்டைக்கு வருவார்கள். பிரசவ வலியில் கிடந்த ஒரு பெண்ணின் வீட்டார் கும்பிட்டுக் கேட்டும் நிறுத்தாத ஊர் ஒன்று எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தைத்தான் இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ருசிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கூம்பை ஒரு வாரம் கட்டினால் முதல் நாளே போலீசுக்குப் போன் செய்வார்கள்.

குழுவின் தலைவர் மைக்கைப் பிடித்தார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறவர். முதலாளியின் கதையைச் சொன்னார். முதலாளி தினமும் விடியற்காலையில் ஒவ்வொரு யூனிட்டையும் கூம்பில் மாட்டி ஓடவிட்டு, கரிசல் காட்டுக்குள் அரை மைல் நடந்துபோய், அங்கே நின்று காதைக் கொடுத்துக் கேட்பாராம். சத்தம் மனசுக்குப் பிடித்தால் மட்டும் திரும்பி வந்து, அந்த யூனிட்டின் பின்மூடிக்குள் தன் விரலால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாராம். அந்தப் பொட்டு வைத்த யூனிட்டுகள் சாகவே சாகாதாம். சொல்லிவிட்டு, வெல்வெட் துணியில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து காட்டினார். நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. ஜனங்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். இரண்டு பேர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கோயம்புத்தூர்க்காரர் ஆனந்தத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நடந்தது இதுதான்.

தண்டவாளத்துக்கு மேற்கே, பருத்திக் குடோனாக இருந்த ஒரு தகரக் கொட்டகையில் கம்பெனி ஆரம்பித்தது. முதலாளி அதற்கு முன்பு மைக் செட் வைத்திருந்தவர். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டு யூனிட் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, அதைப் போலவே செய்தார். அதைத் தப்பு சொல்ல மாட்டேன், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். காயில் சுற்றும் அறையில் நாங்கள் எட்டுப் பெண்கள். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த செம்புக் கம்பியை விரல் மொத்தத்தில் வளையமாகச் சுற்றி, பசை தடவி, மெல்லிய தகடு ஒன்றில் ஒட்ட வேண்டும். அந்தத் தகடு அதிர்ந்துதான் சத்தம் வரும். பசையின் நெடி தலையைப் பிளக்கும். வீட்டுக்குப் போனாலும் சோற்றில் அந்த வாடைதான் அடிக்கும். நான் பத்தாவது பாஸ் செய்தவள் என்பதால், கெட்டுப்போய்த் திரும்பி வரும் யூனிட்டுகளைத் திறந்து பார்த்து என்ன கோளாறு என்று லேபிளில் எழுதி ஒட்டும் வேலையும் என்னுடையது.

அந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. வாராவாரம் எட்டயபுரம் பஸ்ஸிலும் கயத்தாறு பஸ்ஸிலும் சாக்குமூட்டை வந்து இறங்கும். எல்லாம் செத்த யூனிட்டுகள். பின்னாலேயே மைக் செட்டுக்காரர்களும் வருவார்கள்.

"அண்ணாச்சி, சாமி புறப்படுத நேரத்துல தவள கத்துத மாதிரி கத்துது உம்ம குழாய். ஊர்க்காரன் என்னயக் கட்டி வச்சுட்டான்" என்று மணியாச்சிக்காரர் ஒருவர் வாசலில் நின்று கத்தினது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஒரு மணி நேரம் ஓடினால் காயில் சூடாகி, பசை இளகி, சுற்றுக் கழன்றுவிடும். அதுதான் கோளாறு. ஆனால் அண்ணாச்சி வேறு காரணம் கண்டுபிடித்தார். பொம்பளைகளின் கை வேர்வை. முதலில் முகப்பவுடரை ஒரு தட்டில் கொட்டி, அதில் கையைப் புரட்டிக்கொண்டுதான் கம்பியைத் தொட வேண்டும் என்றார். சாக்குமூட்டை குறையவில்லை. உடனே வீட்டுக்கு விலக்கானவர்கள் மூன்று நாளைக்குக் காயிலைத் தொடக் கூடாது என்று சட்டம் போட்டார். நாங்கள் வந்து சொல்ல வேண்டும். அவரிடமே, நேரில் சொல்ல வேண்டும். இதுதான் அந்தக் காதுள்ள ஞானியின் விஞ்ஞானம்.

எங்களில் மூத்தவள் ஒரு அக்கா. கயத்தாறுப் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம். முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் பாதி வசவாக இருக்கும். ஒரு சித்திரை மதியம், ஒட்டி முடித்த தகடு ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"ஏட்டி, இதுல நகத்த வச்சு அமுக்கிப் பாரு."

அமுக்கினேன். பசையில் நகம் பதிந்தது.

"இப்ப இதப் பாரு" என்று இன்னொன்றைக் கொடுத்தாள். அது கல் போல இருந்தது.

"இது ஏதுக்கா?"

"நேத்து ஒண்ணு ஜன்னல் வழியா தாழ்வாரத் தகரத்து மேல விழுந்து கெடந்திருக்கு. ஒரு நாள் முழுக்க வெயில்ல காஞ்சிருக்கு. இவரு என்னன்னா ஒட்டி ரெண்டு மணி நேரத்துல மூடியப் போட்டு முடுக்குதாரு. வேர்வையாம்லா வேர்வை!"

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னாள். "காயில் சுத்த வந்தியா, கம்பெனி நடத்த வந்தியா?" என்று அவர் கேட்டார். அத்தோடு முடிந்தது.

அக்கா விடவில்லை. தினமும் பத்துப் பன்னிரண்டு தகடுகளை ஒளித்துவைத்து, மறுநாள் தகரத்தின் மேல் பழைய சேலைத் துணியால் மூடிக் காயப்போட்டாள். நன்றாகக் காய்ந்த பிறகு மற்றவற்றோடு கலந்துவிட்டாள். அடையாளம் தெரிய வேண்டுமே. பையில் வைத்திருந்த சாந்து பாட்டிலை எடுத்து, தீக்குச்சியால் தொட்டு, அந்த யூனிட்டுகளின் பின்மூடிக்குள் பொட்டு வைத்தாள். நெற்றிக்கு வைக்கிற சாந்து. அவ்வளவுதான் அந்தச் சிவப்புப் பொட்டு.

அடுத்த வாரச் சாக்குமூட்டையில் ஒரு பொட்டுகூட இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது மூட்டையை நான் திறந்துகொண்டிருந்தபோது அக்கா அதை அப்படியே இழுத்துக்கொண்டு போய் அண்ணாச்சியின் மேஜைக்கு முன்னால் கவிழ்த்தாள்.

"பொட்டு வச்சது எதுவாச்சும் இதுல கெடக்கான்னு பாரும் அண்ணாச்சி. வெயில்ல காயப்போட்டுப் பொட்டு வச்சது பூராவும் என் கை வேர்வை பட்டதுதான்."

அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். மறுநாளிலிருந்து எல்லாத் தகடும் ஒரு நாள் முழுக்கத் தகரத்தில் காய வேண்டும், காய்ந்ததற்கு அடையாளமாகச் சிவப்புப் பெயிண்டில் பொட்டு வைக்க வேண்டும் என்று உத்தரவு. விலக்கானவர்கள் பற்றிய சட்டம் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தது. மைக் செட்டுக்காரர்கள் பொட்டு என்னவென்று கேட்டால், "நான் ஒண்ணொண்ணா கேட்டுப் பாத்து வச்சது" என்று சொல்லிக்கொண்டார். வருஷக்கணக்கில் கூம்புக்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலப்பக்கம் போய் நின்று பேசினால்தான் பதில் வரும். அரை மைல் நடந்துபோய்க் கேட்டாராம்!

ஐந்தாறு மாதத்தில் அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தன் முட்டாள்தனத்தைக் காட்டிக்கொடுத்தவள் முகத்தைத் தினமும் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. இப்படித்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், மகள்களிடம் சொன்னேன், ஆசிரியர்கள் அறையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

மண்டபத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கில் இதையெல்லாம் சொன்னேன். பவுடர் தட்டு, மூன்று நாள் சட்டம், சாந்து பாட்டில், செவிட்டுக் காது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் யாராவது எழுந்து சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் அவர்கள் மேல் கொஞ்சம் மரியாதையாவது வந்திருக்கும். கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள்.

"எவ்வளவு அழகான நினைவு!" என்றார் தலைவர். "முதலாளி, தொழிலாளின்னு வித்தியாசம் இல்லாம ஒரே குடும்பமா இருந்து உருவாக்கின சத்தம் இது. நெற்றிப் பொட்டே கம்பெனியோட முத்திரையா மாறியிருக்கு பாருங்க."

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சாந்து வைத்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை கேமராவைப் பார்த்து, சிரித்த முகமாகச் சொல்ல முடியுமா என்று ஒரு பையன் கேட்டான். இன்னொருவர் அது எந்தக் கம்பெனிச் சாந்து என்று விசாரித்தார். பழுது பார்க்கும்போது அதே சிவப்பில் பொட்டு வைக்க வேண்டுமாம். இவர்களை எதைச் சொல்லி அவமானப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. எதைக் கொடுத்தாலும் சர்க்கரையாக்கி விழுங்கிவிடுகிறவர்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் கோயம்புத்தூர்க்காரர் கேட்டார். "அந்த அக்கா இப்ப இருக்காங்களாம்மா?"

தெரியாது என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கோவில்பட்டியிலிருந்து அவள் ஊருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாற்பது வருஷமாக அவள் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட அந்த பஸ்ஸில் ஏறியதில்லை.

விசாரித்ததில் அக்கா உயிரோடு இருப்பது தெரிந்தது. மறு வாரம் போகலாம் என்று இருந்தேன். அதற்குள் விஷயம் தெரிந்து கோயம்புத்தூர்க்காரர் கேமராக்காரர் ஒருவரோடு காரில் வந்து இறங்கிவிட்டார். தட்ட முடியவில்லை. கயத்தாற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நாற்கரச் சாலையை விட்டு இறங்கி உள்ளே போனோம். முன்பு பருத்தி நின்ற காடெல்லாம் மக்காச்சோளம். அக்கா வீட்டு வாசலில் கடப்பாக்கல் போட்டிருந்தது. அவள் அதில் உட்கார்ந்து குட்டி ஆடு ஒன்றுக்கு வேப்பங்குழை ஊட்டிக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியிருக்கும். கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தாள்.

"லேபிள் எழுதுத பிள்ளயில்லா நீ? வா, இங்கன உக்காரு. அவியளையும் உக்காரச் சொல்லு."

கோயம்புத்தூர்க்காரர் உட்காரவில்லை. தலைவரிடம் கேட்டு வாங்கி வந்திருந்த அந்தப் பொட்டு யூனிட்டை இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்து, மூடியைத் திறந்து காட்டினார். "இது உங்க பொட்டும்மா" என்றார்.

அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன இம்புட்டுக் கனமா இருக்கு!" என்றாள். பிறகு, "வெயில்ல காயப்போட்டேன். பொட்டும் வச்சிருப்பேன். மொளகா வத்தல் காயப்போடுத மாதிரிதானே, இதுக்கா காரு போட்டு வந்திய?" என்றாள். யூனிட்டைக் கல்லின் மேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கதவு வாங்குனதச் சொன்னியா இவியட்ட?"

"என்ன கதவுக்கா?"

"கக்கூசுக் கதவுட்டி!"

அவளே சொன்னாள். கொட்டகைக்குப் பின்னால் இருந்த கக்கூசுக்குக் கதவு கிடையாது. சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்துக் குடோனில் லாரி ஏற்றுகிற ஆம்பிளைகள் நின்று பார்ப்பார்கள். அக்கா மூன்று தடவை அண்ணாச்சியிடம் கதவு கேட்டாள். ஒரு பெரிய கோயில் கொடைக்கு ஆர்டர் அனுப்ப வேண்டிய நாளில், கதவு மாட்டினால்தான் வேலை என்று காலையில் பெண்களை வாசலில் உட்காரவைத்துவிட்டாள்.

"மத்தியானத்துக்குள்ள ஆசாரி வந்து கதவு மாட்டிட்டாரு. பச்ச பெயிண்ட் அடிச்ச கதவு. எட்டாம் நாளு என்னய வேலைக்கு வர வேண்டாம்னுட்டாரு."

"பொட்டுக்காக நிறுத்தலயா?" என்றேன்.

"பொட்டால அந்தாளுக்கு லாபம்லா! அதுக்கு ஏன் நிறுத்துதாரு?" அக்கா குட்டியின் வாயைத் துடைத்துவிட்டாள். "ஏழு பேரு உக்காந்தோம். நீ உள்ள போயிட்ட."

கோபமே இல்லாமல் சொன்னாள். எனக்கு அந்தக் கதவு ஞாபகம் இருந்தது. பச்சை நிறம், உள்பக்கம் இறுகிப்போன தாழ்ப்பாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அதைச் சாத்தித் திறந்திருக்கிறேன். அது எப்போது வந்தது, எப்படி வந்தது என்பது மட்டும் என்னிடமிருந்து மறைந்துபோயிருந்தது. தலை குனிந்து ஏழு பேரைத் தாண்டிப் போய், எங்கள் அறையில் தனியாக உட்கார்ந்து லேபிள் ஒட்டிய காலை ஒன்று என் வாழ்க்கையில் இருந்திருக்கிறது. அதை மூடத்தான் பொட்டுக் கதையை இத்தனை வருஷம் சொன்னேனா என்று நினைத்தபோது, மண்டபத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்த பெங்களூர்க்காரர் முகம் வந்தது. அவரைவிட நான் எந்த விதத்தில் ஒசத்தி?

கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டிருந்தார். "அம்மா, அந்தப் பொட்டு வச்சதை மட்டும் ஒரு தடவ..." என்று ஆரம்பித்தார் கோயம்புத்தூர்க்காரர்.

"கதவுக் கதையை எடுங்க. அவிய சொன்னதை முதல்லருந்து எடுங்க" என்றேன்.

"அது நம்ம குழுவுக்குச் சரியா வராதும்மா" என்றார் பணிவாக. அவ்வளவு பணிவு.

"பொட்டப் பத்தி இவகிட்டயே கேட்டுக்கிடுங்க" என்று அக்கா எழுந்து கம்பை எடுத்தாள். "எனக்கு ஆடு பத்தணும்."

பின்னாலேயே போனேன். "அக்கா, நான் உள்ள போனதுக்கு அன்னைக்கு நீ ஒண்ணுமே சொல்லலயே."

"சொல்லாம என்ன? வாசல்ல உக்காந்து உன்னய நல்லா வைஞ்சு தீத்துட்டேன். உள்ள ஆம்பிளைய ஓட்டுத மிஷின் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது." சொல்லிவிட்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு மக்காச்சோளக் காட்டு ஓரமாக நடந்தாள்.

கோயம்புத்தூர்க்காரர் யூனிட்டை வெல்வெட் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, கிளம்பலாமா என்றார். நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு, அக்கா திரும்பி வரும்வரை அந்தக் கடப்பாக்கல்லில் உட்கார்ந்திருந்தேன்.